பழைய லேத்தும் புது பெயின்ட்டும்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் நடந்தால் சந்துக்குச் சந்து லேத் பட்டறைதான். மோட்டார் ஷாஃப்ட், பம்பு புஷ், கிரைண்டர் பாகம் என்று ஜாப் ஒர்க் எடுத்துப் பிழைப்பவர்கள். நாலரை அடி லேத் ஒன்றோடு தொடங்கியவருக்குக் கையில் கொஞ்சம் காசு புரண்டதும் ஓர் ஆசை வரும்: அடுத்தது ஆறு அடி, ஆல் கியர்டு. புதுசு கட்டுப்படியாகாது. பெரிய ஆலைகள் சிஎன்சிக்கு மாறும்போது கழித்துவிடும் கனத்த லேத்துகளோ சந்தைக்கு வந்தபடியே இருக்கின்றன.

வாங்கலாமா? வாங்கலாம் என்பதுதான் என் கட்சி. அந்தக் காலத்து நல்ல ஆலைகளில் வார்ப்பை மாதக்கணக்கில் வெளியில் போட்டுவைத்து, அது முறுக்கிக்கொள்வதெல்லாம் முறுக்கி அடங்கிய பிறகே கடைசிக் கட் எடுப்பார்கள். அந்த இரும்பின் கனத்துக்கு ஆழமாகக் கட் கொடுத்தாலும் டூல் நடுங்காது. ஆனால் எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். வருகிற வேலை ரெண்டு அங்குல ராடு, இருக்கிற ஸ்பிண்டில் துளையோ ஒன்றரை அங்குலம் என்றால் அது நியாயமான காரணம். நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. நாலரை அடி என்பது பெட்டின் நீளம். இரண்டு சென்டருக்கும் நடுவே நிற்கும் வேலை ஏறக்குறைய அதில் பாதிதான்.

இனி பெயின்ட். விற்பனைக் கொட்டகையில் நிற்கும் மெஷின் எல்லாம் பச்சையும் சாம்பலுமாகப் பளபளக்கும். ஒழுகும் வீட்டுக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விடுகிற வேலை இது. பார்க்க வேண்டிய இடம் சக்குக்கு அருகே உள்ள பெட். லேத்தில் பெரும்பாலான வேலை அங்கேதான் நடக்கும், தேய்வதும் அங்கேதான். சாடிலை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து, ஆட்டம் இல்லாதபடி ஜிப்பை இறுக்குங்கள். பிறகு டெயில் ஸ்டாக் பக்கம் கையால் ஓட்டுங்கள். போகப் போகப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால் பெட் குழிந்திருக்கிறது என்று அர்த்தம். ராடைப் பிடித்து ஒரு கட் ஓட்டி, இரண்டு முனையையும் மைக்ரோமீட்டரில் அளப்பதும் நல்லதுதான். ஆனால் லெவல் பார்க்காமல் மண்தரையில் நிற்கும் மெஷினில் டேப்பர் வந்தால், அது தேய்மானமா பெட்டின் முறுக்கா என்று சொல்ல முடியாது.

கிராஸ் ஸ்லைடு கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுற்றுகிறதா? பயப்படாதீர்கள், கன்மெட்டல் நட் மாற்றினால் தீரும். ஹெட் ஸ்டாக்கில் கடகடவென்று சத்தம் வந்தால்தான் யோசிக்க வேண்டும். சக்கில் ஒரு கட்டையைக் கொடுத்து நெம்பி, டயல் கேஜ் முள் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். பேரிங்கின் நிலை அதில் தெரிந்துவிடும்.

என் கவலையெல்லாம் குழிந்த பெட்டைப் பற்றியது. அதை யார் சரிசெய்வார்கள்? முன்பு அதற்கென்றே ஃபிட்டர்கள் இருந்தார்கள். நேர் சட்டத்தில் நீல மையை மெலிதாகப் பூசி, பெட்டின் மேல் தேய்ப்பார்கள். மேடான இடமெல்லாம் நீலப் புள்ளியாக ஒட்டும். ஸ்க்ரேப்பரால் அந்தப் புள்ளியை மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி மை, மறுபடி சுரண்டல். ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை புள்ளி என்று எண்ணி, மை பரவலாக விழும்வரை விடமாட்டார்கள். மணிக்கட்டிலும் இடுப்பிலும் உள்ள வித்தை அது. ஐடிஐ ஃபிட்டர் பாடத்தில் ஸ்க்ரேப்பிங் இருக்கிறது. ஆனால் கையகலத் துண்டைச் சமமாக்குவது வேறு, ஆறு அடி பெட்டை நேராக்குவது வேறு.

பெட்டை கிரைண்டிங்குக்கு அனுப்பிவிட்டால் போயிற்று என்பார்கள். கடினமேற்றிய பெட்டுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் பெட்டில் எடுத்த அளவுக்குச் சாடில் இறங்கும். அதோடு ஏப்ரனும் இறங்கி லீட் ஸ்க்ரூவோடு இழுபடும். அதனால் சாடிலின் அடியில் லைனிங் ஒட்டி உயர்த்தி, மறுபடி ஸ்க்ரேப் செய்து உட்கார வைக்க வேண்டும். கடைசியில் அதே கைக்குத்தான் வந்து நிற்கிறோம். அந்தக் கைகளுக்கு வயதாகிவிட்டது. பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளும் பையன்கள் குறைவு. பாதி நாள் சுரண்டிக்கொண்டிருக்கும் வேலைக்குக் கூலி கேட்டால் முதலாளி முகம் சுளிக்கிறார். பையன் சிஎன்சி பட்டனுக்குப் போய்விடுகிறான். இப்படியே போனால் நல்ல வார்ப்பெல்லாம் கிலோக் கணக்கில் உலைக்குத்தான்.

கடன் வாங்கியாவது சிஎன்சி போடுவதே புத்திசாலித்தனம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரே உருப்படி ஆயிரக்கணக்கில் ஓடும் இடத்தில் அது சரி. ஒற்றை ஷாஃப்டும் ரெண்டு புஷ்ஷுமாக ரிப்பேர் வேலை வரும் பட்டறைக்கு லேத்தான்.

3 ஃபேஸ் லைன் இல்லை, ஓட்டிக் காட்ட முடியாது என்று வியாபாரி சொன்னால் இரும்பு விலைக்கு மேல் பேச வேண்டாம். மெஷின் பார்க்கக் கிளம்பும்போது ஸ்க்ரேப்பிங் தெரிந்த பெரியவர் ஒருவரை அன்றைய கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். உங்கள் பட்டறைப் பையனையும் கூடவே அனுப்புங்கள்.