மாதவரத்திலிருந்து திருமலைக்கு

புரட்டாசி பிறந்தால் வடசென்னையில் பல இல்லங்களில் திருப்பதிக்கு நடந்து செல்லும் பேச்சு எழும். மாதவரத்திலிருந்து ஊத்துக்கோட்டை, புத்தூர் மார்க்கமாகத் தூரம் ஏறக்குறைய 80 மைல். மூன்றே நாளில் சேர்ந்துவிடலாம் என்று முதன்முறை புறப்படுகிறவர் கணக்கிடுகிறார். கணக்கு சரிதான்; கால்தான் அதற்கு உடன்படுவதில்லை.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யம் புறப்பட்டார். தூரம் சுமார் 150 மைல். தொண்டர்கள் ஏறத்தாழ நூறு பேர். நாளொன்றுக்குப் பத்து மைல் வீதம் நடந்து பதினைந்து நாளில் சேர்ந்தனர். சிறை செல்லவே துணிந்த அவ்வீரர்களுக்குப் பத்து மைல் போதுமாயிருந்தது. நாற்காலியில் அமர்ந்து உத்தியோகம் பார்க்கும் நமக்கு இருபத்தைந்து எதற்கு?

முதல் நாளே 20 மைல் நடந்து பெரியபாளையத்துப் பவானியம்மனைத் தரிசித்துவிடத் துடிப்பதுதான் வழக்கமான விபரீதம். அன்று உற்சாகம் நடத்திச் செல்லும். கொப்புளம் மறுநாள்தான் பேசும். செங்குன்றம் கடந்து ஜனப்பன்சத்திரத்தில் முதல் இரவு தங்குவது உத்தமம். பெரியபாளையம் இரண்டாம் நாள்; ஊத்துக்கோட்டை மூன்றாம் நாள். அடுத்துள்ள சுருட்டப்பள்ளியில் சிவபெருமானே பள்ளிகொண்டிருக்கிறார். அங்கே நாமும் அரை நாள் இளைப்பாறினால் குறைவொன்றுமில்லை.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு வெயில் ஏறுமுன் 6 மைல், மாலையில் 4 மைல். அலிபிரியில் சுமார் 3,500 படிகள் காத்திருக்கின்றன. அவற்றுக்கென்று முழங்காலில் வலிமை மிஞ்சியிருக்க வேண்டும். எட்டு நாள் ரஜா கிடைக்காதவர் புத்தூர் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து இரண்டு நாளில் நிதானமாக நடக்கலாம்.