செயலி தமிழுக்கு மாறிவிட்டதா? உர அளவை ஆங்கிலத்திலும் ஒருமுறை பாருங்கள்

சம்பா விதைப்புக்கு முன் ஒரு கிராமத்தில் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒருவர் செல்போனை நீட்டினார். "சார், போன வாரம்தான் இது தமிழுக்கு மாறுச்சு. பதிவு பண்ணப் போனா 'இந்த வயல் கட்டாயம்'னு சொல்லிட்டு நிக்குது. எனக்கு மூணு இடத்துல நிலம் இருக்கு. எந்த வயலைக் கேக்குது?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். தகப்பனார் பெயர் எழுத வேண்டிய கட்டம் காலியாக இருந்தது, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் படிவத்தில் உள்ள கட்டமும் 'ஃபீல்டு', வயலும் 'ஃபீல்டு'. மொழிபெயர்த்தவர் வயலைப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் இதே தவறு உரக் கணக்கில் வந்தால் சிரிக்க முடியாது.

பெரும்பாலான செயலிகளும் இணையதளங்களும் முதலில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ வெளிவந்து, பிறகுதான் தமிழைச் சேர்க்கின்றன. திரையில் தெரியும் ஒவ்வொரு சொல்லும் ஒரு பட்டியலில் தனித்தனி வரியாக இருக்கும். தமிழ் சேர்ப்பது என்றால் அந்தப் பட்டியலில் தமிழுக்கு ஒரு பத்தி போட்டு, வரி வரியாக நிரப்புவது. நிரப்புகிறவர் முன்னால் பல நேரம் திரை இருக்காது, வெறும் பட்டியல்தான் இருக்கும். 'ஃபீல்டு' என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்து அவர் என்ன செய்வார்? அதேபோல நெல்லில் வரும் 'பிளாஸ்ட்' நம் ஊரில் குலை நோய். விவசாயம் தெரியாதவருக்கோ இயந்திர மொழிபெயர்ப்புக்கோ அது 'வெடிப்பு'.

தமிழ்ப் பத்தியில் ஒரு வரி காலியாக இருந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில் ஆங்கிலமே தெரியும். பிறகு புதிய வசதிகள் சேரும்போது புதிய வரிகளும் சேரும். அவற்றுக்குத் தமிழ் வர நாளாகும். பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகத் திரை இருப்பது இதனால்தான். உங்கள் போனில் கோளாறு இல்லை.

தேசிய வேளாண் சந்தையான இ-நாம் 2016 ஏப்ரல் 14-ல் தொடங்கப்பட்டது. 2018-ல் அதன் இணையதளத்தைத் தமிழ் உட்பட எட்டு மொழிகளில் படிக்க முடிந்தது. ஆனால் நேரடி ஏலம் நடக்கும் பகுதி அப்போது ஆறு மொழிகளில்தான் இருந்தது. அந்த ஆறில் தமிழ் இல்லை. முகப்பு தமிழில் இருந்தால் உள்ளே எல்லாமே தமிழில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது உரத்துக்கு வருவோம். காவிரி டெல்டாவில் குறுகிய கால நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்பது பொதுப் பரிந்துரை. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். முழுவதையும் யூரியாவாகவே கணக்கிட்டால் ஹெக்டேருக்கு 326 கிலோ, அதாவது ஏக்கருக்குச் சுமார் 132 கிலோ. 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய மூன்று. (டி.ஏ.பி. போடுகிறவர்களுக்கு இது இன்னும் குறையும். மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படிதான் போட வேண்டும்.) தமிழாக்கத்தில் 'ஹெக்டேர்' என்பது 'ஏக்கர்' என்று மாறிவிட்டால் அதே ஏக்கருக்கு ஏழு மூட்டைக்கு மேல் போகும். காசு வீணாவது ஒருபுறம். பயிர் கரும்பச்சையாகத் தழைத்து குலை நோய், இலைச்சுருட்டுப்புழு, புகையான் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்து, கடைசியில் சாய்ந்தும் போகும்.

பயிர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். 'கார்ன்' என்பதைச் 'சோளம்' என்று போட்டிருப்பார்கள். நமக்குச் சோளம் வேறு, மக்காச்சோளம் வேறு. பெயர் குழம்பினால் உர அளவும் மருந்தும் மாறிப்போகும். பயிரின் படம் இருந்தால் அதைப் பார்த்துத் தேர்வு செய்யுங்கள்.

எனவே உரம், மருந்து, விதை அளவு சொல்லும் பக்கத்தை மட்டுமாவது மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி ஒருமுறை பாருங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கும் பிள்ளைகளிடம் காட்டுங்கள். எண்ணும் அதன் பக்கத்தில் உள்ள ஏக்கர், ஹெக்டேர், லிட்டர், டேங்க் என்ற சொல்லும் இரண்டு மொழியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். மருந்து என்றால் டப்பாவின் லேபிளோடும் ஒப்பிடுங்கள். சந்தேகம் தீராவிட்டால் கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலும் கேட்கலாம்.

தவறு கண்டால் விட்டுவிடாதீர்கள். ஒரு சொல்லைத் திருத்துவது என்றால் அந்தப் பட்டியலில் ஒரு வரியை மாற்றுவதுதான். செயலியை முழுதாக மறுபடி செய்ய வேண்டியதில்லை. 'தமிழ் சரியில்லை' என்று மட்டும் எழுதினால் அவர்களால் எந்த வரி என்று கண்டுபிடிக்க முடியாது. திரையைப் படம் பிடித்து, தவறான சொல், அதற்கு உங்கள் ஊரில் சொல்லும் சரியான சொல், மாவட்டத்தின் பெயர் ஆகியவற்றை எழுதி, செயலியில் உள்ள கருத்துப் பகுதிக்கு அனுப்புங்கள். மாவட்டம் ஏன் என்றால், நிலக்கடலையை வட மாவட்டங்களில் மல்லாட்டை என்பார்கள். தெற்கே அந்தப் பெயர் புரியாது. படத்தில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்திவிட்டோம் என்று பதில் வந்த பிறகும் பழைய சொல்லே தெரிந்தால், செயலியைப் புதுப்பித்து, ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள்.