உணவே மருந்தாகும்போது

'உணவே மருந்து' என்பது நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் மொழி. ரசத்தில் மிளகும் சீரகமும் சேர்க்கையில் அதனை நினைவுகூர்கிறோம். சிலருக்கோ அது வெறும் முதுமொழியன்று, உயிர்காக்கும் நடைமுறை. அவர்களுக்கென வகுக்கப்பட்டவையே மருத்துவ உணவுகள்.

இவை கடைகளில் விற்கும் சத்து மாவு, ஊட்டச்சத்துப் பானம் போன்றவை அல்ல. குறிப்பிட்ட ஒரு நோய்க்கென, மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே உண்ணத்தக்கவை. ஃபினைல்கீட்டோனூரியா என்னும் பிறவி நோய் இதற்குத் தெளிவான சான்று. நாம் உண்ணும் புரதத்தில் ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலம் உண்டு. அதனை மாற்றும் நொதி இந்நோயாளிகளுக்குப் பிறவியிலேயே செயல்படுவதில்லை. ஆகவே அது இரத்தத்தில் பெருகி மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. 1934-இல் நார்வே மருத்துவர் ஃபோலிங் இந்நோயைக் கண்டறிந்தார். 1951-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஹார்ஸ்ட் பிக்கல் குழுவினர், பால் புரதத்தைப் பகுத்து, அதிலிருந்த ஃபினைல்அலனினைக் கரியின் துணையால் நீக்கி, ஒரு குழந்தைக்கு உணவாக அளித்தனர். அதன் நிலை தேறியது. இன்றும் சிகிச்சையின் அடிப்படை அதுவே. பருப்பும் பாலும் மீனும் விலக்கப்பட, அரிசியும் அளந்தே தரப்பட, வேண்டிய புரதம் மருத்துவ உணவிலிருந்தே கிடைக்கிறது. புரதம் மிகக் குறைந்த ஜவ்வரிசி இத்தகைய வீடுகளில் பெருந்துணை.

ஒருவருக்கு மருந்தாவது மற்றொருவருக்குத் தீங்காகலாம். டயாலிசிஸ் தொடங்காத சிறுநீரக நோயாளிக்குப் புரதத்தைக் குறைக்குமாறு மருத்துவர் கூறுவதுண்டு. தொடங்கிய பின்னரோ கூடுதல் புரதம் தேவைப்படுகிறது. நலம் விசாரிக்கச் செல்கையில் புரத மாவு டப்பா வாங்கிச் செல்லும் பழக்கத்தை நாம் மறுபரிசீலனை செய்தல் நன்று. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, மருத்துவ உணவின் மேலுறையில் அது எந்நோய்க்குரியது என்பதும், மருத்துவ ஆலோசனையின்படியே பயன்படுத்தப்பட வேண்டும் என்பதும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். வாங்குமுன் அவ்வரிகளைப் படித்தல் நம் கடமை.

இனி செலவு. இவ்வுணவுகளுள் பல வெளிநாட்டிலிருந்து வருபவை. பெரும்பாலும் ஆயுள் முழுவதும் தேவைப்படுபவை. இங்கேதான் குடும்பங்கள் தளர்ந்துபோகின்றன. உதவி இருப்பதை அறியாமலே தளர்வோரும் உளர். மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அரியவகை நோய்களுக்கான தேசியக் கொள்கை, சிறப்பு உணவால் கட்டுப்படுத்தக்கூடிய நோய்களைத் தனியே பட்டியலிட்டுள்ளது. உயர்சிறப்பு மையங்களாக அறிவிக்கப்பட்ட மருத்துவமனைகளில் பதிவு செய்வோருக்கு ரூ.50 லட்சம் வரை நிதியுதவிக்கு வழியுண்டு. கேரளத்தில் அத்தகைய மையம் திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்திலுள்ள எஸ்.ஏ.டி. மருத்துவமனை. 2024 பிப்ரவரியில் கேரள அரசும் 'கேர்' என்னும் பெயரில் அரியவகை நோய்களுக்கெனத் தனித் திட்டம் தொடங்கியது.

மற்றொரு சலுகையும் உண்டு. இக்கொள்கையில் இடம்பெற்ற நோய்களுக்காகத் தனிநபர் தம் பயன்பாட்டிற்கு இறக்குமதி செய்யும் மருந்துகளுக்கும் மருத்துவ உணவுகளுக்கும், 2023 ஏப்ரல் 1 முதல் அடிப்படைச் சுங்க வரி முழுமையாக விலக்கப்பட்டது. அதற்கு மத்திய அல்லது மாநில சுகாதார இயக்குநர், மாவட்ட மருத்துவ அலுவலர் ஆகியோருள் ஒருவரிடம் சான்றிதழ் பெறுதல் வேண்டும். சரக்கை வரவழைக்குமுன்பே அதனைப் பெற்று வைத்தல் நலம்.

பணத்தைத் திட்டமிடுகையில் நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றே: இவ்வுணவு ஒரு மாதமும் தடைபடலாகாது. ஆகவே இதற்கெனத் தனிச் சேமிப்புக் கணக்கு அல்லது தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கலாம். பெற்றோர் இருவருள் எவரும் தனித்துப் பணம் எடுக்கத்தக்க கூட்டுக் கணக்காக அது அமையட்டும். ஒருவர் நோயுற்றாலோ வெளியூரில் இருந்தாலோ குழந்தையின் உணவு நிற்காது. நியமனதாரரைப் பதிவு செய்தலும் இன்றியமையாதது. மருத்துவக் காப்பீடு இருப்பின், உணவுச் செலவு அதில் அடங்குமா என்பதை ஒப்பந்தத்தைப் படித்து உறுதிசெய்துகொள்ளலாம். மருத்துவரின் சீட்டு, ரசீது, சான்றிதழ் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்தல் ஒவ்வொரு விண்ணப்பத்தின்போதும் உதவும்.

இந்நோய்கள் நம் வீட்டில் இல்லாதிருக்கலாம். அண்டை வீட்டில் இருக்கலாம். அரியவகை நோயாளிகளுக்குப் பொதுமக்கள் நன்கொடை வழங்க மத்திய சுகாதார அமைச்சகம் ஓர் இணையத்தளத்தை நடத்தி வருகிறது. கொடுக்க இயன்றோர் கொடுக்கலாம். இயலாதோரும் இச்செய்தியை அறியாத ஒரு குடும்பத்திற்கு எடுத்துரைக்கலாம். உரிய காலத்தில் கிடைக்கும் தகவலும் உதவியே.