ஏற்றிய பக்கம் எங்கே போயிற்று?

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் லாரி தவறான கிடங்கில் சரக்கை இறக்கினால், சரக்கு இருக்கும். கேட்பவர் கைக்கு வராது. முதன்முதலாக நீங்கள் ஏற்றிய இணையதளம் ‘403’ அல்லது ‘404’ என்று காட்டுகிறதா? பெரும்பாலும் இதே கதைதான். பல வழங்கிகளில் ‘பப்ளிக்_எச்டிஎம்எல்’ என்னும் கோப்புறைக்குள் இருப்பவையே வெளியாருக்குத் தெரியும்.

அடுத்து, முகப்புக் கோப்பின் பெயரைப் பாருங்கள். ‘இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்’ என்பது முழுவதும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இருக்கட்டும். விண்டோஸ் கணிப்பொறிக்குப் பெரிய ‘ஐ’யும் சிறிய ‘ஐ’யும் ஒன்றே, லினக்ஸ் வழங்கிக்கோ அவை வெவ்வேறு. தந்தையின் கடைக்காகத் தளம் அமைத்த என் மாணவர் ஒருவர், இந்த ஓர் எழுத்தால் இரண்டு நாள் தவித்தார்!

தமிழ் மட்டும் கிறுக்கலாய்த் தெரிகிறதா? யூடிஎப்-8 முறையில் ‘அ’வுக்கு மூன்று பைட்டுகள். முறை அறியாத உலாவி அவற்றை மூன்று எழுத்துகளாகப் படித்துவிடுகிறது. கோப்பை யூடிஎப்-8 முறையில் சேமித்து, பக்கத்தின் தலைப்பகுதியிலும் அதை அறிவித்துவிடுங்கள்.