பாராளுமன்ற வினாவும் மலையக மக்களும்

குடியாட்சியில் அரசாங்கம் தேடும் பொருள் மக்களின் பொருள். அதனைத் தேடும் உரிமையையும் செலவிடும் உரிமையையும் மக்கள் தம் பிரதிநிதிகளின் வாயிலாகவே அரசாங்கத்துக்கு வழங்குகின்றனர். பொருளை ஈட்டிக் காப்பதோடு அமையாது அதனை முறையாகப் பகுத்தளிப்பதும் அரசின் இலக்கணம் என்பது வள்ளுவர் வகுத்த நெறி. அவ்வாறு பகுத்தளிக்கப்பட்டதா என்பதை அறிவதற்குப் பாராளுமன்றத்தின் கையிலுள்ள கருவிகளுள் எளியதும் கூரியதும் வினாவாகும்.

பிரித்தானியாவில் 1721ஆம் ஆண்டிலேயே பிரபுக்கள் சபையில் வினா எழுப்பப்பட்டதாகக் குறிப்பு உண்டு. அம்மரபு குடியேற்ற நாடுகளுக்கும் பரவி, இலங்கையிலும் வேரூன்றியது. எனினும், வினா எழுப்பும் உரிமை சட்டத்தில் இருப்பது மட்டும் போதுமானதன்று. ஒரு மக்கட் கூட்டத்தாரின் பொருட்டு எழும் வினா பயன்தர வேண்டுமாயின், அவர்களுக்கு வாக்கு இருத்தல் வேண்டும். விடை கூறும் பொறுப்பு இன்னாருக்கு என்பது துணியப்பட்டிருத்தலும் வேண்டும். இவ்விரண்டனுள் ஒன்று குறையினும் வினா காற்றிற் கரைந்துவிடும். நுவரெலியா, அட்டன் முதலிய தேயிலைப் பிரதேசங்களின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

முதற்கண், வினாவின் வகைகள் அறியத்தக்கன. இலங்கைப் பாராளுமன்றத்தில் உறுப்பினர் ஒருவர் முன்னறிவித்தல் கொடுத்து வாய்மூல விடைக்கான வினாவை எழுப்பலாம். அமைச்சர் விடையளித்ததும், அவ்விடையிலிருந்து பிறக்கும் மேலதிக வினாக்களையும் கேட்கலாம். எழுதி வந்த விடையை அமைச்சர் வாசித்துவிடல் எளிது. மேலதிக வினாவுக்கு விடையளிக்க அவர் விடயத்தை அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின் வினா நேரத்தின் வலிமை பெரும்பாலும் இம்மேலதிக வினாவிலேயே தங்கியுள்ளது. பொதுமுக்கியத்துவமுடைய விடயத்தைச் சபை ஒத்திவைப்பு வேளைப் பிரேரணையாகக் கொணர்ந்து விவாதிக்கவும் இடமுண்டு.

பொதுப் பணத்தைப் பொறுத்தவரை வேறு வாயில்களும் உள. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை அரச நிதியின் மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்கு அளிக்கின்றது. ஆண்டுதோறும் வரும் ஒதுக்கீட்டுச் சட்டமூலத்தின் குழுநிலை விவாதத்தில் ஒவ்வோர் அமைச்சின் செலவும் தனித்தனியே ஆராயப்படுகின்றது. அப்போது எதிர்க்கட்சியினர் ஒரு செலவுத் தலைப்பிலிருந்து பத்து ரூபாவைக் குறைக்க வேண்டுமெனப் பிரேரிப்பது வழக்கு. பத்து ரூபாவை மிச்சப்படுத்துவது அதன் நோக்கமன்று. அவ்வமைச்சின் நடத்தை முழுவதையும் விசாரணைக்கு இழுப்பதே நோக்கம். செலவு முடிந்த பின்னர்க் கணக்காய்வாளர் தலைமை அதிபதி தம் அறிக்கையைப் பாராளுமன்றத்துக்குச் சமர்ப்பிக்க, 1921இல் தோன்றிய அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவும் 1979இல் தோன்றிய அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழுவும் அதிகாரிகளை அழைத்து வினவுகின்றன. செலவுக்கு முன்னும், செலவு நிகழும்போதும், செலவுக்குப் பின்னும் வினவுதற்கு வழி இருக்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, மலையகத்தின் வரலாற்றை நோக்குமிடத்து, 1931இல் டொனமூர் அரசியல் திட்டம் சர்வசன வாக்குரிமையை நல்கிய காலமே தொடக்கமாகின்றது. அரசாங்க சபையின் முதற்றேர்தலில் அட்டன் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தெரிவான பெரி. சுந்தரம், தொழில், கைத்தொழில், வாணிப மந்திரியானார். 1936இல் அட்டனிற் கோ. நடேசையரும் தலவாக்கலையில் எஸ். பி. வைத்திலிங்கமும் வெற்றி பெற்றனர். அக்காலத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் ஏழு நிருவாகக் குழுக்களுள் ஒன்றில் அங்கம் வகித்தமையால், கேட்பவரே நிருவாகத்தின் உள்ளிருந்தும் பார்க்கும் வாய்ப்புப் பெற்றிருந்தார்.

தோட்டத்தில் நிகழ்ந்த ஓர் அநீதி சட்டமன்றத்தையே எத்துணை அசைக்கும் என்பதை 1940ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு சனவரியில் கண்டி மாவட்டத்து முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது, கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். அரசாங்க சபையில் இஃது எழுப்பப்பட்டு, விசாரணைக் குழுவும் அமைந்தது. விசாரணை நிகழுங்கால் தொழிலாளர் மீதான வழக்குகளை ஒத்திவைக்கும்படி உள்நாட்டு மந்திரி சேர் பாரன் ஜயதிலக விடுத்த பணிப்பைப் பொலிஸ் மாஅதிபர் ஏற்கவில்லை. தேசாதிபதி மாஅதிபரின் பக்கம் நின்றார். மந்திரிமார் பதவி துறந்தனர். பொலிஸ் அதிகாரி மந்திரிக்குக் கட்டுப்பட்டவரா, தேசாதிபதிக்குக் கட்டுப்பட்டவரா என்ற வினா ஒரு கூலித் தொழிலாளியின் மரணத்திலிருந்தே கிளைத்தது. பொறுப்பு யாருடையது என்பதே அன்றும் அடிப்படைச் சிக்கலாக இருந்தது.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத் தொகுதிகள் பலவற்றைக் கைப்பற்றியது. நுவரெலியாவிற் சௌமியமூர்த்தி தொண்டமானும், தலவாக்கலையிற் சி. வி. வேலுப்பிள்ளையும், கொட்டகலையிற் கே. குமாரவேலுவும் பிரதிநிதிகள் சபைக்குத் தெரிவாயினர். ஆயின் அவர்தம் குரல் நெடுநாள் நீடிக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களுட் பெரும்பாலோரைப் பிரஜாவுரிமைக்குப் புறம்பாக்கியது. 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்கைப் பிரஜைகளுக்கே உரியதாக்கியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவரேனும் தெரிவாகவில்லை.

ஈண்டு ஒரு முரண்பாடு கருதற்பாலது. சோல்பரி அரசியலமைப்பின்படி தொகுதிகளை வகுக்கும்போது குடித்தொகை முழுவதுமே கணக்கிற் கொள்ளப்பட்டது. வாக்காளர் தொகை மட்டும் அன்று. ஆதலின், 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஏறத்தாழ 7,80,000 பேராக இருந்த இந்திய வமிசாவழித் தமிழர், ஆசனங்களின் தொகையைப் பெருக்க உதவினர். அவ்வாசனங்களில் அமர்வோரைத் தெரிவு செய்வதில் அவருட் பெரும்பாலோர்க்குப் பங்கில்லை. எண்ணப்பட்டனர், எனினும் கேட்கப்படவில்லை. தம்மை நம்பியிராத மக்களின் குடிநீரையும் பாடசாலையையும் பற்றி வினவ வேண்டிய அவசியம் தொகுதி உறுப்பினர்க்கு இல்லாமற் போனது. வினா தவறியதற்குக் காரணம் உறுப்பினரின் நெஞ்சக் கடுமை மட்டுமன்று. வாக்கு என்னும் தொடர்பு அறுந்தமையே முதற் காரணம்.

1960இல் தொண்டமான் மீண்டும் சபை புகுந்தது நியமன உறுப்பினராகவே. நியமித்தவர்க்கு நன்றிக்கடன்பட்டவரின் வினா, மக்களால் தெரிவானவரின் வினாவுக்கு ஈடாகாது என்பது வெளிப்படை. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தபோது, வகுக்கப்பட்ட மக்களின் வாக்கைப் பெற்ற பிரதிநிதி எவரும் அது பற்றி வினவும் நிலையில் இல்லை. 1977இல் நுவரெலியா - மஸ்கெலியாப் பல அங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் தெரிவானபோதே அறுந்த தொடர்பு மீளத் தொடங்கியது. எஞ்சியோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று.

வாக்கு மீண்டது, எனினும் இரண்டாவது குறை எஞ்சியது. தோட்டத்து வாழ்வில் எது எவருடைய பொறுப்பு என்பது தெளிவாக இல்லை. தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்றது. அன்றுதொட்டு ஆசிரியர் பற்றாக்குறைக்குக் கல்வியமைச்சர் விடை கூற வேண்டியவரானார். வைத்தியசாலைகளுள் ஒரு பகுதியே அவ்வாறு அரசிடம் வந்தது. காணிச் சீர்திருத்தத்தின் பின் அரசுடைமையான தோட்டங்களின் முகாமை 1992இல் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. காணி அரசுடையது, முகாமை கம்பனியுடையது, லயன் அறை தோட்டத்துடையது, அதில் வாழ்வோர் நாட்டின் பிரசைகள் என்னும் நிலையிற் கூரை ஒழுகுவது பற்றி வினவினால், ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டுதல் எளிதாயிற்று.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இதற்குச் சிறந்த உதாரணம். சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளிற் செலவிடுவதற்கு அப்பிரிவு தடையாக நின்றது. வாக்களித்துச் சபையை அமைத்த மக்கள், தம் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிடுமாறு அச்சபையையே கேட்க இயலாதிருந்தனர். பாதை ஏன் செப்பனிடப்படவில்லை என்று எத்தனை முறை வினவினும், சட்டம் இடந்தரவில்லை என்பதே விடை. சட்டத்தை ஏன் திருத்தவில்லை என்று வினா மாறியபோதுதான் பயன் விளைந்தது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே மலையகத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டத்தால் நிறுவப்பட்டது. தக்க வினா எதுவென அறிதலே பாதி வெற்றி என்பதற்கு இஃது சான்று.

சம்பளம் பற்றிய செய்தி மேலும் நுட்பமானது. நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் சம்பள நிர்ணய சபை வாயிலாக உயர்ந்தது. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், கம்பனிகள் வழங்கும் சம்பளத்தை 1,550 ரூபாவாக உயர்த்தவும், அதன்மேல் நாளொன்றுக்கு 200 ரூபாவை வரவு ஊக்குவிப்பாக அரசாங்கமே வழங்கவும் பிரேரித்து, அதற்கென 500 கோடி ரூபாவை ஒதுக்கியது. தனியார் தோட்டத்து ஊழியர்க்குத் திரட்டு நிதியிலிருந்து பணம் செல்வதனால், முன்னர்க் கம்பனியின் உள்விவகாரம் எனப்பட்டது இன்று பொதுப் பணத்தின் விவகாரமாகிவிட்டது. வரவை யார் கணக்கிடுகின்றார்? வேலை வழங்கப்படாத நாளுக்கு என்ன விதி? கணக்காய்வு எவ்வாறு நிகழும்? அடுத்த ஆண்டிலும் இது தொடருமா? இவையெல்லாம் பாராளுமன்றம் கேட்கத்தக்க வினாக்கள். அவற்றைக் கேட்பது தொழிலாளிக்கு எதிரானதன்று; அவர் பெயரால் ஒதுக்கப்பட்டது அவர் கையையே சேர்வதற்கு அரணாகும்.

நல்ல வினாவின் இயல்பு யாது? மலையக மக்களின் வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்க அரசாங்கம் யாது செய்யும் என வினவின், ஆவன செய்யப்படும் என்ற விடை வரும்; அஃது விடையன்று. குறித்த ஆண்டில் நுவரெலியா மாவட்டத்து வீடமைப்புக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, அதிற் செலவாகாது திரும்பியது எவ்வளவு, காணி விடுவிக்கப்படாமையால் தொடங்காத வீடுகள் எத்தனை, காணியை விடுவிக்க வேண்டியவர் எவர், கட்டிய வீடுகளுள் உறுதிப்பத்திரம் பெற்றவை எத்தனை என வினவின், ஒவ்வொன்றுக்கும் எண்ணோ பெயரோ விடையாதல் வேண்டும். இந்திய உதவியில் முதற்கண் 4,000 வீடுகளும், 2017 மே மாதத்தில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளும் ஆகிய திட்டங்களுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். ஒதுக்கீடு வேறு, செலவு வேறு, பயன் வேறு. வரவு செலவுத் திட்ட நாளிற் கேட்கும் கைதட்டல் முதலாவதற்கு உரியது; குடும்பம் ஒன்று லயத்தை விட்டு நீங்குவது மூன்றாவதனாலேயே.

இத்தகைய துல்லியத்தின் ஆற்றலை இந்தியா 1957இற் கண்டது. ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் பணம் முந்திராவின் கம்பனிப் பங்குகளில் இடப்பட்டமை குறித்து ஆளுங்கட்சி உறுப்பினரான பெரோஸ் காந்தி மக்களவையில் ஆதாரங்களோடு எழுப்பிய வினாக்கள், சாக்ளா விசாரணைக்கு வழிகோலின, நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பெப்ரவரியிற் பதவி துறந்தார். பெருங்குரலன்று, எண்ணும் நாளும் ஆவணமுமே அங்கு வென்றன.

அத்தகைய ஆதாரங்களை உறுப்பினர்க்கு அளிக்க வல்லவர் அவ்வவ்வூரில் வாழ்வோரே. ஒழுகும் கூரைகளின் தொகையை அறிந்தவர் லயத்தில் வாழ்பவர். மூடிய வகுப்பறைகளின் தொகையை அறிந்தவர் ஆசிரியர். பாராளுமன்ற விவாதங்கள் ஹன்சாட்டில் வெளியாகின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அரச அலுவலகக் கோவைகளைப் பிரசைகளுக்கும் திறந்துவிட்டது. தம் மாவட்டத்து உறுப்பினர் என்ன வினவினார், அமைச்சர் என்ன விடையிறுத்தார், கூறிய நாளில் கூறியது நிகழ்ந்ததா என்பதை ஒரு பாடசாலை மாணவர் மன்றமும் குறித்து வரலாம். அளிக்கப்பட்ட விடையை எவரும் ஒப்பு நோக்காராயின், அடுத்த ஆண்டும் அதே விடையே வரும். வாக்கைப் பெற முப்பது ஆண்டுகள் காத்திருந்த ஒரு சமூகம், அவ்வாக்கினால் விளையும் வினாவைக் காவாது விடுதல் தகாது.