பொன்னில் ஒளிந்த விலங்குகள்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்)

இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் சட்டன் ஹூ என்றோர் இடம் உண்டு. 1939-ஆம் ஆண்டு அங்கிருந்த பழைய மண்மேடு ஒன்றை அகழ்ந்தபோது, 27 மீட்டர் நீளமுள்ள கப்பலின் வடிவம் மணலில் பதிந்து கிடப்பதைக் கண்டனர். மரம் மக்கிவிட்டது, ஆனால் அதனுள் வைத்த பொன் மக்கவில்லை. அது ஆங்கிலோ-சாக்சன் அரசர் ஒருவரின் கல்லறை எனக் கருதப்படுகிறது.

அங்கே கிடைத்த இடைக்கச்சைப் பொன் பக்கிள் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. நீளம் சுமார் 13 சென்டிமீட்டர். எடை சுமார் 413 கிராம். முதற்பார்வையில் அதில் தெரிவது கயிற்றுப் பின்னல் மட்டுமே. சற்றுப் பொறுமையுடன் நோக்கினால் அப்பின்னலில் உயிர்கள் அசையத் தொடங்கும்! பாம்புகளும் பறவைத் தலைகளும் விலங்குகளுமாக 13 உயிர்கள் அதில் பிணைந்துள்ளன. அவற்றைக் காண வழி இதுதான்: முதலில் ஒரு கண்ணைத் தேடுங்கள். கண்ணையடுத்துத் தாடை, தாடையையடுத்து உடல். அவ்வுடல் மற்றொன்றின் அடியில் புகுந்து மேலே எழுவதைக் கண்ணால் தொடருங்கள்.

சுவீடன் நாட்டு அறிஞர் பெர்ன்ஹார்ட் சாலின் 1904-இல் இக்கலையை வகைப்படுத்தினார். முதல் வகையில் தலை, தொடை, பாதம் ஆகியவை துண்டு துண்டாக நிற்கும். இரண்டாம் வகையில் உடல் நாடாபோல் நீண்டு பின்னிக்கொள்ளும். நமது பக்கிள் இரண்டாம் வகை.

வேதியியல் பயிலும் என்னைக் கவர்ந்தது வேறொன்று. பக்கிளின் கருங்கோடுகள் நியெல்லோ எனப்படும் கருப்புப் பூச்சால் ஆனவை. அக்காலத்தில் அது பெரும்பாலும் வெள்ளி சல்பைடே. 2009-இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஒரு வயலில் கிடைத்த புதையலில் சுமார் 4 கிலோ பொன் இருந்தது. அதனை ஆராய்ந்தபோது மற்றோர் உண்மை வெளிப்பட்டது. வெள்ளி கலந்த பொன்னின் மேற்பரப்பிலிருந்து மட்டும் வெள்ளியை நீக்கி, அதன் நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள்! சல்பைடு என்ற சொல்லும் சமன்பாடும் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதைச் செய்தவர்கள் அவர்கள்.

அக்காலத்தை 'இருண்ட காலம்' என்று நூல்கள் அழைத்ததுண்டு. எழுத்து மிகுதியாகக் கிடைக்காத காலத்தில் அறிவும் குறைவாகவே இருந்திருக்கும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். கைநாட்டு வைக்கும் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த என்னால் அதை ஏற்க இயலவில்லை. அப்பொற்கொல்லர் தம் பெயரை எழுதி வைக்கவில்லை. ஆயினும் உலோகத்தின் இயல்பை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு, அவர் பின்னிய ஒவ்வொரு விலங்கும் இன்றும் சான்று கூறுகிறது.