எத்தனை இஞ்சி உசத்தலாம்?

தம்பி, கெப்பை உசத்துவதற்கு முன்னால் ஒரு பழைய உரச்சாக்கை விரித்துப் போட்டு அதன் அடியில் படுத்துப் பாருங்கள். கையில் ஒரு டோர்ச் போதும். சேறு காய்ந்து அப்பியிருக்கும் இரும்பில், கல் உரசிய இடங்கள் மட்டும் பளபளவென்று தெரியும். அந்தப் பளபளப்பு எந்தப் பாகத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் உங்களுக்கு லிஃப்ட் வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு என்று சொல்ல முடியும். "ரெண்டு இஞ்சியா, நாலு இஞ்சியா?" என்று நேரே கேட்டால் யாரிடமும் சரியான பதில் இருக்காது. தேத்தண்ணியைக் குடியுங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் உங்கள் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். நமுனுகுலயிலிருந்து பசறைக்கு இறங்கினாலும் பதுளைக்கு இறங்கினாலும் பெரும்பாலும் தார் ரோடு. வளைவு அதிகம், அகலம் குறைவு. ஆனால் வண்டியின் அடி இடிக்கிற ரோடு இல்லை. இடிப்பது அதற்குப் பிறகு, மேற்கணக்கு லயத்துக்குப் பிரிந்து ஏறும் தோட்டத்து ரோட்டில். வெள்ளைக்காரன் காலத்தில் கல் பாவிய பாதை. கொழுந்து லொறியும் டிரக்டரும் ஓடி ஓடி இரண்டு பக்கமும் தடம் பள்ளமாகி, நடுவில் முதுகு எழும்பி நிற்கிறது. ஒக்டோபர் மழை தொடங்கிவிட்டால் குறுக்கே தண்ணீர் அறுத்த கான்கள் வேறு. உங்கள் நாளில் இந்தப் பாதை சிறு பகுதிதான். மீதியெல்லாம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டோ மரக்கறியை ஏற்றிக்கொண்டோ கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் ஓட்டம். உயரம் உதவுவது அந்தச் சிறு பகுதியில். உயரத்தின் கேடெல்லாம் மீதி ஓட்டத்தில். என் பேச்சு முழுக்க இந்தக் கணக்கைச் சுற்றித்தான் வரும்.

சரி, அடியில் படுத்தாயிற்று. பளபளப்பு பின் அச்சின் நடுவில், அந்த உருண்டை டிஃப் வயிற்றில் இருந்தால், எந்த லிஃப்ட் கிட்டும் உங்களுக்கு உதவாது. இதைப் பலர் நம்ப மாட்டார்கள். ஸ்பிரிங்கை உசத்தினால் அச்சுக்கு மேலே இருப்பதெல்லாம் உயரும்: செசி, பொடி, தட்டு. அச்சு சக்கரத்தோடு பிணைந்தது. அது இருந்த இடத்திலேயே இருக்கும். நாலு இஞ்சி உசத்திய கெப்பும் அதே நடுமுதுகில் அதே டிஃப்பை இடிக்கும். டிஃப்பை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். அதிலும் கிடைப்பது கொஞ்சம்தான். 265/65 ஆர் 17 டயரின் முழு உயரம் ஏறக்குறைய 776 மி.மீ. 265/70 ஆர் 17 போட்டால் 803 மி.மீ. வித்தியாசம் 27 மி.மீ., அதில் பாதிதான் அச்சுக்கு வரும். 13 மி.மீ.; அரை இஞ்சி. கூடவே ஸ்பீடோ மீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-இல் ஓடும். நடுமுதுகுக்கு உண்மையான மருந்து, ஒரு பக்கச் சக்கரத்தை அந்த முதுகின் மேலேயே ஏற்றி மெதுவாகப் போவதுதான். கொழுந்து லொறி ஓட்டுகிறவர்கள் அதைத்தான் செய்கிறார்கள்.

பளபளப்பு பக்கத்துப் படியிலும் செசியின் நடுவிலும் இருந்தால் கதை வேறு. மேட்டின் உச்சியில் முன்சக்கரம் தாண்டிய பிறகு வயிறு தட்டுகிறது என்று அர்த்தம். டொயோட்டா ஹைலக்ஸ் கெப்பின் முன் பின் அச்சுக்கிடையே 3085 மி.மீ. நீளம் இருக்கிறது, இந்த நீளத்துக்கு வயிறு தட்டுவது இயல்பு. இங்கே லிஃப்ட் உண்மையாகவே உதவும். ஆனால் முதலில், தாழத் தொங்கும் அலங்காரப் படியைக் கழற்றிவிட்டு ஒரு மாதம் ஓடிப் பாருங்கள். பின்பக்கம் இழுவைக் கொக்கியோ, தட்டுக்கடியில் தொங்கும் ஸ்பெயார் டயரோ உரசியிருந்தாலும் அப்படித்தான். கொக்கியைக் கழற்றக் காசு செலவில்லை.

முன் அடித்தகட்டில் உரசல் இருந்தால், உங்கள் ஸ்பிரிங் களைத்துப்போயிருக்கிறதா என்று பாருங்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். ஏறக்குறைய ஐந்து வருசம் புதுக் கெப் வராததால், இந்த மலையில் ஓடுவதில் பெரும்பாலானவை வயதான வண்டிகள். பத்துப் பதினைந்து வருசம் பாரம் சுமந்த ஸ்பிரிங் தாழாமல் இருக்குமா? சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்காட் விளிம்பு வரை டேப் பிடித்து நாலு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அதே மொடல் வண்டி நல்ல நிலையில் இருந்தால் அதையும் அளந்து பாருங்கள். உங்களுடையது 30 மி.மீ. தாழ்ந்திருந்தால், உங்களுக்குத் தேவை லிஃப்ட் இல்லை. கொம்பனி உயரத்தைத் திருப்பித் தரும் புது ஸ்பிரிங்.

இத்தனையும் பார்த்த பிறகும் உயரம் வேண்டும் என்றால், முறையைத் தெரிந்தெடுக்க வேண்டும். பொடிக்கும் செசிக்கும் நடுவில் கட்டை வைத்து பொடியை மட்டும் தூக்குவது ஒன்று. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். செசி இருந்த இடத்திலேயே இருக்கிறது, வயிறு முன்போலவே இடிக்கும். முன் ஸ்பிரிங்கின் தலையில் வட்ட ஸ்பேசர் வைப்பது மலிவு. களைத்த ஸ்பிரிங்கின் மேல் அதை வைத்தால் களைப்பு போகாது. உயரம் மட்டும் கூடும், சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறையும், பள்ளத்தில் விழும்போது மேலிருந்து 'டங்' என்று அடிக்கும். பழைய டி-மெக்ஸ், பழைய எல் 200 போன்றவற்றில் முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங் இல்லை, டோர்ஷன் பார் இருக்கிறது. போல்ட்டை முறுக்கினால் முன்பக்கம் எழும்பிவிடும், அரை மணி நேர வேலை. தாழ்ந்ததைச் சரிசெய்யும் அளவுக்கு முறுக்குவதில் தப்பில்லை. அதற்கு மேல் முறுக்கினால் ஸ்பேசரில் சொன்ன அதே கேடு. பின்னுக்கு, பட்டை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டை வைத்து நீண்ட யூ போல்ட் போடுவார்கள். பாரத்தோடு ஏறும்போது அந்தக் கட்டையின் உயரம் நெம்புகோலாக வேலை செய்து பட்டையை முறுக்கும்.

நான் சொல்வது முழு செட்: முன்னுக்கு 40 மி.மீ. அளவு உயர்த்தும் புதுச் சுருள் ஸ்பிரிங், பின்னுக்குப் புதுப் பட்டைக் கட்டு, நாலுக்கும் அந்த உயரத்துக்கென்றே செய்த ஷொக். அவுஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு, அயன்மேன், டஃப் டோக் எல்லாம் இப்படிச் செட்டாக விற்கிறார்கள். பாதிச் செட் வாங்காதீர்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய ஷொக் மலிவாகக் கிடைக்கும். வெளியே மினுங்கினாலும் உள்ளே வால்வு தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. கல் ரோட்டில் வண்டியைப் பிடித்து வைப்பது ஷொக்தான். காசு குறைவென்றால் உயரத்தை விடுங்கள், ஷொக்கை விடாதீர்கள்.

பின் பட்டையைத் தெரிந்தெடுக்கும்போது ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு, வருசத்தில் பெரும்பாலான நாட்கள் தட்டில் என்ன பாரம் இருக்கிறது என்று பாருங்கள். 50 கிலோ உரமூட்டை பதினாறு ஏற்றினால் 800 கிலோ. அது தினமும் ஏறுகிறதா, மாதத்தில் ஒரு தடவையா? எப்போதாவது ஏறும் பாரத்துக்காகத் தடித்த பட்டை போட்டால், மற்ற நாளெல்லாம் வெறும் தட்டோடு பின்சக்கரம் துள்ளும். ஈர ரோட்டில், வளைவில், துள்ளுகிற சக்கரம் பக்கவாட்டில் நழுவும். பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளின் முதுகையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஹைலக்ஸ் போன்ற பல கெப்களில், பின் அச்சிலிருந்து மேலே செசிக்கு ஒரு மெல்லிய கம்பி போகும். அதன் மேல்நுனியில் ஒரு வால்வு. பாரம் ஏறி பின்பக்கம் தாழும்போது செசிக்கும் அச்சுக்கும் இடைவெளி குறையும், கம்பி நகரும், 'பாரம் இருக்கிறது' என்று வால்வு அறிந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். தட்டு வெறுமையாக இருந்தால் குறைத்துவிடும், இல்லாவிட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. இப்போது நீங்கள் பின்பக்கத்தை 40 மி.மீ. உசத்துகிறீர்கள். இடைவெளி கூடிவிட்டது. தட்டில் 800 கிலோ இருந்தாலும் வால்வு பாரம் குறைவு என்றே நினைத்து, பின் பிரேக்கின் பங்கைக் குறைத்துக்கொண்டே இருக்கும். வண்டியை நிறுத்தும் வேலை முன் பிரேக்கின் தலையில் விழும். நமுனுகுலயிலிருந்து கீழே இறங்கும் அந்த நீண்ட இறக்கத்தில் முன் டிஸ்க் சூடேறி, பெடல் பஞ்சாகிப்போவதற்கு இது ஒன்றே போதும். உசத்திய அளவுக்கு அந்தக் கம்பியின் பிராக்கெட்டையும் மாற்றிப் பொருத்த வேண்டும். சிறிய வேலைதான், ஆனால் கேட்காவிட்டால் பல கராஜ்களில் செய்ய மாட்டார்கள். சில புது மொடல்களில் இந்த வால்வு இல்லை, ஏபிஎஸ் கணினியே பங்கைப் பிரிக்கிறது. உங்களுடையது எது என்று கராஜ் பாஸிடம் காட்டச் சொல்லி, கண்ணால் பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுபடாமல் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

அடுத்தது கவிழும் ஆபத்து. இடது வலது சக்கரங்களின் இடைவெளியை, பாரமையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால் ஓர் எண் வரும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001 மொடல்களிலிருந்து வாகனங்களின் கவிழும் ஆபத்தைத் தரப்படுத்துவது முக்கியமாக இந்த எண்ணை வைத்துத்தான். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். இடைவெளி 1540 மி.மீ., பாரமையம் தரையிலிருந்து 700 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 1.10 வரும். இரண்டு இஞ்சி உசத்தி பாரமையம் 40 மி.மீ. உயர்ந்தால் 1.04. நாலு இஞ்சி உசத்தி 80 மி.மீ. உயர்ந்தால் 0.99. இது வெறும் தட்டுக் கணக்கு. தட்டின் விளிம்புக்கு மேலே கோவா மூட்டை அடுக்கினால் இன்னும் கீழே போகும். 2016-இல் சுவீடனின் டெக்னிக்கென்ஸ் வார்ல்ட் சஞ்சிகை நடத்திய திடீர் விலகல் சோதனையில், ஒரு மாற்றமும் செய்யாத ஹைலக்ஸே ஒரு பக்கச் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. பிறகு டொயோட்டா அதைத் திருத்தியது. கொம்பனியிலிருந்து வந்த உயரத்திலேயே மிச்சமிருக்கும் பாதுகாப்பு அவ்வளவுதான் என்பதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். பசறை வளைவில் எதிரே பஸ் வந்தால் நீங்களும் திடீரென்று விலகத்தான் வேண்டும்.

முன்பக்கம் 40 மி.மீ. என்று நான் நிறுத்துவதற்கு இன்னொரு காரணம் சிவி ஜொயின்ட். நாலு சக்கர இழுவை உள்ள வண்டியில் முன் டிஃப் செசியோடு சேர்ந்து உயரும், சக்கரம் கீழேயே நிற்கும். நடுவில் இருக்கும் தண்டு கூடுதலாகச் சாயும். ஹப் லொக் இல்லாத வண்டிகளில் டூ வீலில் ஓடினாலும் அந்தத் தண்டு சுற்றிக்கொண்டேதான் இருக்கும். 50 மி.மீ.-க்கு மேல் போனால் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். கிழிந்த பூட்டுக்குள் இந்த மண் சேறு போனால், கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது 'டக் டக்' என்று கேட்கும். அப்போது ஜொயின்ட்டே போய்விட்டது என்று அர்த்தம்.

வேலை முடிந்த அன்றே வீல் அலைன்மன்ட். முன்பக்கம் உயர்ந்தால் காஸ்டர் கோணம் குறையும். வளைவு முடிந்ததும் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வர வேண்டும். சோம்பலாக அங்கேயே நின்றால் காஸ்டர் சரியில்லை. சரிக்கட்ட முடியாவிட்டால் மேல் ஆர்மை மாற்ற வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஹெட்லைட்டைத் தாழ்த்துவதையும் மறக்க வேண்டாம். மூக்கு எழும்பிய வண்டியின் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், பனி மூட்டத்தில் உங்களுக்கே வெள்ளைச் சுவராகத் திரும்பி வரும்.

அம்மா எப்படி ஏறுவார் என்றும் பாருங்கள். லயத்தில் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் இராத்திரியில் கதவைத் தட்டுவது உங்கள் வீட்டில்தானே? பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் தாங்களாக ஏறி உட்காரும் உயரத்தில் சீட் இருக்க வேண்டும். நான் கழற்றச் சொன்ன படிக்குப் பதிலாக, செசியோடு ஒட்டி உயரமாக நிற்கும் குட்டையான படி ஒன்றை கராஜில் ஒட்டித் தருவார்கள்.

காப்புறுதிக் கொம்பனிக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்கள் பதிலைக் கோப்பில் வையுங்கள். இன்ன மாற்றத்துக்கு அனுமதி வேண்டுமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வேலைக்கு முன்பே கேட்டுவிடுங்கள், பின்பு கேட்டால் கழற்ற வேண்டி வரலாம். பழைய யூ போல்ட்டைத் திரும்பப் போட விடாதீர்கள். ஒரு தடவை இறுக்கியது இழுபட்டிருக்கும். புதிதாகப் போட்டதையும் முதல் 500 கி.மீ. ஓடிய பிறகு கராஜுக்குக் கொண்டுபோய், டோர்க் ரெஞ்ச் வைத்து நாலையும் திரும்ப இறுக்கச் சொல்லுங்கள். உரம் ஏற்றுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.